கப்பலில் வந்தவர்களும் கணக்கில் வராதவர்களும்

மட்டக்களப்புக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் நான்கு ஆண்டுகளைத் தவறாது குறிப்பிடுவர். 1602 இல் ஒல்லாந்தர் முதன்முதலாக இக்கரையில் இறங்கினர். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டையைக் கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் வரலாறு இவ்வளவுதான். இந்நான்கு ஆண்டுகளோடும் சேர்த்து ஸ்பில்பேர்கன், கொன்ஸ்தந்தீனு டி சா, வெஸ்டர்வோல்ட் எனச் சில தளபதிகளின் பெயர்களும் நம் நினைவில் நிற்கின்றன.

ஆனால் தளபதி தனியே கப்பலோட்டி வரவில்லை. அவன் நின்ற மேற்றளத்துக்குக் கீழே, நிமிர்ந்து நிற்கவும் முடியாத உயரமுள்ள இடைத்தளத்தில், நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தனர். மாலுமி, சிப்பாய், தச்சன், கொல்லன், பீப்பா செய்பவன், பாய் தைப்பவன் என்போர் அவர்கள். அவர்களுட் பலர் நம் கரையைக் காணாமலே கடலில் மாண்டனர். கண்டவர்களிற் சிலர் திரும்பிப் போகவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் மட்டக்களப்பில் இன்றும் நம் அயலவராக வாழ்கின்றனர். நான் எழுத விரும்புவது அவர்களைப் பற்றித்தான்.

பதின்மூன்று மாதப் பயணம்

யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1601 மே 5 ஆம் திகதி நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்தில் உள்ள வேரே துறைமுகத்திலிருந்து மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்பவை அக்கப்பல்களின் பெயர்கள். ஆட்டு மந்தையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல்கள் ஆபிரிக்காவின் மேற்குக் கரையைத் தொடர்ந்து தெற்கே சென்று நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. இன்று கேப் டவுண் நகரம் அமைந்துள்ள குடாவுக்கு மேசைக் குடா என்ற பெயர் நிலைத்தது அந்தப் பயணத்தின்போதுதான். மட்டக்களப்புக் கடலில் ஸ்பில்பேர்கன் நங்கூரமிட்டபோது 1602 மே மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்கள் கழிந்திருந்தன.

பதின்மூன்று மாதக் கடல் வாழ்வு எத்தகையது என்பதை இன்று நம்மால் எளிதில் உணர முடியாது. குடிக்கும் தண்ணீர் பீப்பாக்களில் அடைபட்டிருந்து சில வாரங்களில் பாசி பிடித்து நாறும். உப்பிட்ட இறைச்சியும் கல்லைப் போன்ற விசுக்கோத்தும் அன்றாட உணவு. விசுக்கோத்தில் புழு நெளியும். மழைக்கும் அலைக்கும் நனைந்த உடையை மாற்ற வேறு உடை இல்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் அது அடுத்தடுத்துப் படுத்திருந்த அனைவரையும் பற்றிக்கொள்ளும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது ஸ்கேர்வி என்னும் நோய். பச்சைக் காய்கறியும் பழமும் இன்றி இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தால் பல்லீறு வீங்கிக் கறுக்கும்; பற்கள் ஆடி விழும்; எப்போதோ ஆறிய புண்கள் மீண்டும் வாய்திறக்கும்; கால்கள் கனத்து மனிதன் எழ மாட்டாமற் கிடந்து சாவான். 1497 இல் வாஸ்கோ ட காமாவுடன் புறப்பட்டோர் ஏறத்தாழ 170 பேர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினரே 1499 இல் ஊர் திரும்பினர். மாண்டவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது பகைவரின் வாளன்று, இந்த நோய்தான்.

இதிலே ஒரு வேதனையான முரண் உண்டு. ஸ்பில்பேர்கன் புறப்பட்ட அதே 1601 ஆம் ஆண்டு வசந்தத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதற் கப்பற்படையும் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. அவர் தம் கப்பலின் ஆட்களுக்கு மட்டும் நாள்தோறும் காலையில் மூன்று கரண்டி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். உடன்வந்த ஏனைய கப்பல்களின் ஆட்கள் பாய்களை இழுக்கவும் வலுவின்றிச் சோர்ந்து விழ, லங்காஸ்டரின் ஆட்கள் ஓரளவு நலமாக இருந்தனர். மருந்து இன்னதென்று கண்முன்னே தெரிந்தும் அதைப் பொது விதியாக்க ஐரோப்பியருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன. ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் நோயாளிகளைப் பிரித்து வைத்துச் சோதித்துப் பார்த்தது 1747 இல். நம் ஊர் வளவுகளிலே வேலியோரம் காய்த்துக் கொட்டும் தேசிக்காய்க்காக ஏங்கி எத்தனை ஆயிரம் பேர் நடுக்கடலில் மாண்டார்களோ!

வரவேற்பும் கொலையும்

இத்தகைய பயணத்தின் பின் கரையிறங்கிய ஸ்பில்பேர்கனை மட்டக்களப்பார் முதலில் ஐயத்துடனே நோக்கினர். இலங்கையின் மேற்குக் கரை ஏற்கெனவே போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. வெள்ளைத் தோலும் பீரங்கியும் கொண்டு வருகின்றவன் வேறு யாராக இருக்க முடியும்? தாம் போர்த்துக்கேயரின் பகைவர் என்பதை ஸ்பில்பேர்கன் விளக்கிய பின்னரே வழி பிறந்தது. மட்டக்களப்புச் சிற்றரசன் அந்நாளிற் கண்டி மன்னனுக்கும் திறை செலுத்தி, போர்த்துக்கேயரையும் பகைக்காது காலங்கடத்தியவன். ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். ஒல்லாந்தர் கோட்டை கட்ட விரும்பினால் தானும் அரசியும் பிள்ளைகளும் தோளிற் கல் சுமந்து உதவுவதாக மன்னன் கூறினான் என்பது அக்காலப் பதிவு. ஒரு பகைவனை விரட்ட இன்னொருவனை அழைக்கும் அரசியலின் தொடக்கம் அது. அதன் முடிவு நாம் அறிந்ததே.

அடுத்து வந்தவரின் கதை இன்னும் வியப்பானது. சீபால்ட் டி வீர்ட் என்ற கப்பற்றலைவர் 1602 நவம்பரில் மட்டக்களப்பை அடைந்தார். அவர் கடலுக்குப் புதியவரல்லர். 1598 இல் ரொட்டர்டாமிலிருந்து ஐந்து கப்பல்கள் தென்னமெரிக்காவின் அடிமுனையைச் சுற்றிக் கிழக்காசியாவுக்குப் போகப் புறப்பட்டபோது அவரும் அதில் இருந்தார். மகலன் நீரிணையின் பனியிலும் பட்டினியிலும் அப்படை சிதைந்தது. ஐந்து கப்பல்களுள் ஒன்று 1600 ஏப்ரலில் யப்பான் கரையை அடைந்தது. வில்லியம் அடம்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி யப்பானுக்கு வந்து சேர்ந்தது அதிலேதான். நெதர்லாந்துக்குத் திரும்பியது டி வீர்ட்டின் கப்பல் ஒன்று மட்டுமே. நூற்றுக்கு மேற்பட்டோருடன் சென்ற அக்கப்பல் 1600 ஜூலையில் 36 பேருடன் வீடு திரும்பியது. வழியில் அவர் கண்ட தென் அத்திலாந்திக் தீவுக்கூட்டத்துக்கு நெடுங்காலம் அவருடைய பெயரே வழங்கியது. இன்றைய போக்லாந்துத் தீவுகளின் ஒரு பகுதி அது.

புதிய உலகின் பனிக்கடல் கொல்லாத அந்த மனிதர் மட்டக்களப்புக் கரையிலே கொல்லப்பட்டார். கடலில் நெடுநாட் பசித்திருந்த அவருடைய ஆட்கள் இங்கே மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைச் சுட்டுத் தின்றனர். பசுவைக் கொல்வதை மாபாதகமாகக் கருதிய மக்கள் கொதிப்படைந்தனர். பின்னர் 1603 இல் மீண்டும் வந்த டி வீர்ட் போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்தார். ஆனால் கைதிகளை மன்னனிடம் ஒப்படைக்காமல் விடுதலை செய்தார். மன்னனுக்கும் அவருக்கும் இடையே மூண்ட வாக்குவாதம் 1603 ஜூன் தொடக்கத்தில் வாளில் முடிந்தது. டி வீர்ட்டும் அவருடன் கரையிறங்கிய ஐம்பதளவிலான ஒல்லாந்தரும் வெட்டுண்டு மாண்டனர். டி வீர்ட்டின் பெயர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. அந்த ஐம்பது பேரின் பெயர்களை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

பிறநாட்டாரின் அனுபவமும் இதைப் போன்றதே. 1618 இறுதியில் ஓவே கெடே தலைமையிற் கொப்பன்ஹேகனிலிருந்து புறப்பட்ட டென்மார்க்குக் கப்பல்கள் 1620 மே மாதத்தில் இலங்கையை அடைந்தன. பயணத்தில் அவருடைய ஆட்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோயினர். திருகோணமலையில் ஊன்ற முயன்று இயலாமற்போக, அவர்கள் தமிழகத்தின் தரங்கம்பாடியில் 1620 நவம்பரில் தஞ்சை நாயக்க மன்னரிடம் இடம்பெற்றனர். தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றிப்பார்க்கும் நம்மவர் அதற்குக் கீழே இத்தனை பிணங்களின் கணக்கு இருப்பதை நினைப்பதில்லை.

ஏன் வந்தார்கள்?

இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் வந்தார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. கம்பனியின் பங்குதாரருக்கு அது பொருந்தும். இடைத்தளத்திற் படுத்திருந்தவனுக்கு அது பொருந்தாது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602 இல் தோன்றி 1790களின் இறுதியில் மறைந்தது. அக்காலத்தில் அதன் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர். அவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே திரும்பினர். அவர்கள் எல்லோரும் ஒல்லாந்தரும் அல்லர். போரினாலும் பஞ்சத்தினாலும் நிலைகுலைந்த ஜெர்மானியக் கிராமங்களிலிருந்தும், ஸ்கண்டினேவிய நாடுகளிலிருந்தும், பிரான்சிலிருந்தும் வேலைதேடி அம்ஸ்டர்டாம் வந்தவர்கள் பலர்.

அந்நகரில் ஏழை இளைஞனுக்குத் தங்கவும் உண்ணவும் இடங்கொடுக்கும் விடுதிக்காரர் இருந்தனர். கப்பல் புறப்படும் நாள்வரை சோறுபோட்டு, துணிமணியும் ஒரு பெட்டகமும் வாங்கிக்கொடுத்து, அதற்கெல்லாம் ஈடாக அவனுடைய எதிர்காலச் சம்பளத்தின் மீது கடன்சீட்டு எழுதி வாங்கிக்கொள்வர். அந்தக் கடன்சீட்டு கைமாறி விற்கப்படும். மக்கள் அவர்களை ஆன்மாவை விற்போர் என்று பழித்தனர். சிப்பாயின் மாதச் சம்பளம் ஒன்பது கில்டர், ஒப்பந்தம் ஐந்தாண்டு. கப்பல் ஏறும்போதே அவன் கடனாளி.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறொன்று நினைவுக்கு வராமற் போகாது. முகவருக்குக் கட்டிய பணத்துக்காகக் காணியை ஈடுவைத்து, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்ட நம் பிள்ளைகளின் கதைதான் அது. நூற்றாண்டும் திசையும் மாறியிருக்கின்றன. கடன்சீட்டு மாறவில்லை.

இதனால் அவர்களுடைய வருகை வெகுளித்தனமானது என்று சொல்ல வரவில்லை. பீரங்கியோடு வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், கறுவாவுக்கும் யானைக்குமாக இந்த மண்ணைப் பிழிந்தார்கள், மக்களை அடிமைகளாக வாங்கி விற்றார்கள். அந்தக் கணக்கை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. ஆனால் அந்தக் கொள்ளையின் இலாபம் போய்ச் சேர்ந்த வீடுகள் வேறு; கடலில் மாண்டவனின் வீடு வேறு. இரண்டையும் ஒன்றாக்குவது வரலாறாகாது.

எந்தக் கப்பல் என்று தெரியாது

கப்பல்களிற் பெண்கள் மிகச் சிலரே வந்தனர். கோவாவிலே 1510 க்குப் பின் அல்புகர்க் தொடக்கிவைத்த கலப்புமணக் கொள்கை போர்த்துக்கேயர் சென்ற இடமெல்லாம் பரவியது. இலங்கையில் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் அதே வழியைப் பின்பற்ற நேர்ந்தது. கம்பனிச் சிப்பாய் பெரும்பாலும் போர்த்துக்கேய வழித்தோன்றலான பெண்ணையோ உள்ளூர்ப் பெண்ணையோ மணந்தான். தந்தை ஒல்லாந்தனோ ஜெர்மானியனோ ஆகலாம்; பிள்ளை பேசியது தாயின் மொழி. இதனால், போர்த்துக்கேயர் ஆட்சி 1658 இல் முற்றாக நீங்கிய பிறகும் அவர்களுடைய மொழி மட்டக்களப்பு வீடுகளின் குசினிகளில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

மட்டக்களப்புப் பறங்கியரின் குடும்பப் பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். றொசைரோ போன்ற போர்த்துக்கேயப் பெயர்களோடு அவுட்ஸ்கோர்ன், செல்லர் போன்று போர்த்துக்கல்லோடு தொடர்பில்லாத பெயர்களும் அங்கே உண்டு. பேசுவதோ போர்த்துக்கேயக் கிரியோல். செல்வதோ கத்தோலிக்கக் கோவிலுக்கு. தச்சு, இரும்பு, தையல், இயந்திரத் திருத்தம் ஆகியவை அவர்களது பரம்பரைத் தொழில்கள். கப்பலில் வந்த தச்சனும் கொல்லனும் பாய் தைப்பவனும் தத்தம் தொழிலையே பிள்ளைகளுக்குக் கையளித்துச் சென்றனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் முதிய பறங்கித் தச்சர் ஒருவருடன் நெடுநேரம் உரையாடும் வாய்ப்புக் கிடைத்தது. போர்க்காலம்; மின்சாரம் இல்லாத மாலை வேளை. உங்கள் முன்னோர் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் ஐயா என்று கேட்டேன். சீவுளியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, கப்பல்ல வந்த ஆக்கள் என்றுதான் எங்கட அப்பா சொல்லுவார். எந்தக் கப்பல், எந்த ஊர் எண்டு அவருக்கும் தெரியாது. எனக்கு இந்த ஊர்தான் தெரியும்.” அவர் பேசியது கலப்பற்ற மட்டக்களப்புத் தமிழ். மனைவியை அழைத்து ஏதோ கேட்டபோது மட்டும் மொழி மாறியது.

அந்த மொழி தனி ஆய்வுக்குரியது. இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் 1970களில் மட்டக்களப்பில் தங்கி அதனை ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்தோசோ முதலானோர் அதனை ஒலி, ஒளிப் பதிவு செய்துள்ளனர். சொற்கள் போர்த்துக்கேயம்; சொற்களை அடுக்கும் முறை தமிழ். போர்த்துக்கேயத்தில் வினை நடுவில் வரும். மட்டக்களப்பு மொழியில் அது தமிழைப் போல வாக்கியத்தின் இறுதிக்குப் போய்விட்டது. போர்த்துக்கேயத்திற் பெயருக்கு முன்னே நிற்கும் ‘பாரா’ என்ற சொல் இங்கே ‘ப’ எனத் தேய்ந்து, நம் ‘கு’ உருபைப் போலப் பெயரின் பின்னே வந்து ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் இந்த மண்ணோடு எவ்வளவு தூரம் கலந்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது. நாம் அமரும் கதிரையும் வாங்கும், துணி வைக்கும் அலுமாரியும், காற்று வரும் ஜன்னலும், காலையில் உண்ணும் பாணும், முகம் துடைக்கும் லேஞ்சியும் போர்த்துக்கேயர் கொணர்ந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். கடலில் வந்தவனின் பெயர் மறைந்தாலும் அவன் பேச்சு நம் வீட்டுச் சாமான்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஆலயத்தின் பெயரால் வந்தவர்

பிரித்தானியர் காலத்துப் பயணம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1813 டிசம்பர் இறுதியில் தோமஸ் கோக் என்ற முதிய போதகர் தலைமையில் மெதடிஸ்த மிசனரிமார் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் வில்லியம் ஓல்ட், இளைஞர், மனைவியுடன் புறப்பட்டவர். 1814 பெப்ரவரியில் கப்பலிலேயே அவர் மனைவி இறந்தார். மே மாதம் இந்து சமுத்திரத்தின் நடுவே தோமஸ் கோக்கும் இறந்தார். இருவருக்கும் கடலே கல்லறை. எஞ்சியோர் பம்பாய் வழியாக ஜூன் இறுதியிற் காலியை அடைந்து, எவர் எங்கே பணியாற்றுவது என்று தீர்மானித்தனர். ஓல்டுக்கு மட்டக்களப்பு வாய்த்தது. மனைவியைக் கடலுக்குக் கொடுத்த சில மாதங்களில் அவர் மீண்டும் ஒரு தோணியில் ஏறித் தனியராக இங்கே வந்து சேர்ந்தார்.

தமிழ் கற்றார், பள்ளிகளைத் தொடங்கினார், காய்ச்சலில் விழுந்தார். 1815 ஏப்ரல் 1 ஆம் திகதி மட்டக்களப்பிலேயே காலமானார். இங்கே வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதங்கள். அவர் 1814 இல் இட்ட வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஓல்டின் சிலை நகரில் நிற்கின்றது. அவருடைய சமயத்தைச் சாராத நாமும் அச்சிலையின் முன்னே சற்று நின்று செல்லலாம். கடலில் இறந்த அந்தப் பெண்ணுக்குச் சிலை இல்லை.

காகிதம் உள்ளவனும் இல்லாதவனும்

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகின்றேன்.

ஒல்லாந்தக் கம்பனி ஒரு வணிக நிறுவனம். அது மனிதரை நேசித்ததோ இல்லையோ, கணக்கை நேசித்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சம்பளப் பேரேடு. அதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம். பெயர், பிறந்த ஊர், பதவி, சம்பளம், கடன், மனைவிக்கோ தாய்க்கோ ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய பங்கு, இறுதியில் அவன் எங்கே எப்படி முடிந்தான் என்ற குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய பேரேடுகள் பெரும்பாலும் அழியாமல் நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இன்று கணினியில் எவரும் தேடக்கூடியனவாக உள்ளன. இலாபத்துக்காக எழுதிய கணக்கு இன்று ஏழைகளின் வரலாறாகிவிட்டது.

காகிதத்தின் வலிமையைக் கொழும்புப் பறங்கியர் நன்கு அறிந்திருந்தனர். 1908 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் குடும்ப வம்சாவளிகளைத் தொகுத்துத் தன் சஞ்சிகையில் அச்சிட்டு வந்தது. சுதந்திரத்தின் பின்னும், குறிப்பாக 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னும் அவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் பெயரத் தொடங்கியபோது, வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை அங்கே நடைமுறையில் இருந்தது. ஐரோப்பிய வம்சத்தவர் என்று நிறுவவேண்டிய நிலையில் அந்த வம்சாவளிகள் கைகொடுத்தன. முன்னோர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த கடலில் பேரப்பிள்ளைகள் இன்னொரு புதிய உலகம் தேடிப் போயினர். மட்டக்களப்புத் தச்சனிடமும் கொல்லனிடமும் அச்சிட்ட வம்சாவளி இல்லை. அவர்களிற் பெரும்பாலோர் இங்கேயே தங்கினர். போரை நம்மோடு அனுபவித்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுந்தபோது அவர்கள் நெருங்கி வாழ்ந்த டச்பார்க் கரையையும் அது துடைத்துச் சென்றது. முன்னோரை நம்மிடம் சேர்த்த கடல் பின்னோரை வாங்கிக்கொண்டது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் மிதந்தனர். மேற்கு ஜெர்மனியில் கப்பலேற்றப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். உள்ளூர் மீனவர்கள் அவர்களைக் கண்டு தம் படகுகளில் ஏற்றிக்கொண்டனர். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ என்ற பழங்கப்பல் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. 2012 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் கிழக்குக் கரையிலிருந்தே மீன்பிடி வள்ளங்களில் அவுஸ்திரேலியா நோக்கிப் பலர் புறப்பட்டனர். சிலர் சேர்ந்தனர், பலர் திருப்பி அனுப்பப்பட்டனர், சிலரைப் பற்றி இன்றுவரை வீட்டாருக்குத் தகவல் இல்லை.

அவர்கள் பீரங்கியோடு போகவில்லை. எவர் நாட்டையும் பிடிக்கப் போகவில்லை. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகவே இரு பயணங்களையும் ஒரே தட்டில் நிறுக்க முடியாது. ஆயினும் நீர் நாறும் பீப்பாவும், இடைத்தளத்தின் இருளும், கரை தெரியும்வரை விடாத வாந்தியும், உடன்வந்தவன் இறந்தால் கடலில் இறக்கிவிடும் கொடுமையும் எல்லா நூற்றாண்டிலும் ஒன்றே.

முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அவர்களுக்குப் பேரேடு இருந்தது. நமக்கு இல்லை. 1720 இல் ஏதோ ஒரு ஜெர்மானியக் கிராமத்திலிருந்து கொழும்புக்கு வந்து இறந்த சிப்பாயின் பெயரை இன்று அவனுடைய ஊரார் ஒரு நிமிடத்திற் கண்டெடுக்கலாம். வாவிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து 2012 இல் வள்ளமேறிய இளைஞனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கின்றது? அவனுடைய தாயின் நினைவில் மட்டுமே. அவளும் போனபின்?

அன்பர்களே, இதனை வாசிக்கும் உங்களிற் பலர் கடல் கடந்தவர்கள். அல்லது கடல் கடந்தவரின் பிள்ளைகள். உங்கள் வீட்டில் யாரேனும் கப்பலிலோ வள்ளத்திலோ போயிருந்தால், எந்த நாள், எந்தத் துறை, உடன் யார், எத்தனை நாள், என்ன உண்டார்கள், யார் வழியில் மறைந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நடை அழகாக இருக்கவேண்டியதில்லை. ஒல்லாந்தக் கம்பனியின் எழுதுவினைஞன் இலக்கியம் படைக்கவில்லை; பெயரையும் ஊரையும் நாளையும் மட்டுமே எழுதினான். அதுவே முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதப்படவேண்டிய கணக்கு இது.